ஊருக்குச் செய்யிற தொண்டு வேலைக்கு அரசாங்கக் காசு எடுக்கலாமா? எடுத்தவங்க இருந்தா சொல்லுங்க (மட்டக்களப்பு / அம்பாறை)

படுவான்கரைப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க படுவான்கரை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், வவுணதீவுக்கு அங்கால ஒரு கிராமம். இருபது இருபத்தஞ்சு பேர், ஆம்புளப் பொம்புளப் புள்ளைகள் எல்லாம் சேந்து கொஞ்சக் காலமா ஊருக்குள்ள வேலை செய்து கொண்டு வாறம். பதிவு கிதிவு ஒண்டும் இல்ல, ஒரு வட்ஸ்அப் குறூப்பும் கணக்கு எழுதுற கொப்பியும்தான் இருக்கு. பின்னேரத்துல ஸ்கொலசி (அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில்) எடுக்கிற புள்ளைகளுக்கும் ஓ.எல். புள்ளைகளுக்கும் கணக்கும் இங்கிலீசும் சொல்லிக் குடுக்கிறம், மாரிக்கு முதல் போக்குகளும் (ரோட்டுக்குக் கீழால தண்ணி போற வழி) வடிகானும் துப்பரவு பண்ணுறம், வெள்ளம் வந்து ரோட்டு மூடுபட்டா உழவு மிசின்லயும் தோணிலயும் ஆக்கள ஏத்தி இறக்குறம், தனிய இருக்கிற வயசு போன ஆக்களுக்கு கிளினிக் மருந்து எடுத்துக் குடுக்கிறம். இதெல்லாம் ஆரும் சொல்லிச் செய்யிறதில்ல.

இப்ப பிரச்சினை என்னெண்டா செலவு. முந்தி ஆளுக்கு ஆள் போட்டுச் சமாளிச்சம், கட்டாருக்குப் போன பொடியன்மாரும் இடைக்கிட அனுப்புவாங்க. 2022க்குப் பிறகு டீசல், போட்டோகொப்பி, மாக்கர் பேனை வரைக்கும் எல்லாம் ஏறிட்டு, சல்லி போட்ட ஆக்களுக்கே வீட்டுல கஸ்டம், அதால அவங்ககிட்ட திரும்பத் திரும்பக் கேக்க மனம் வருகுதில்ல.

டி.எஸ். ஒபிஸ்ல (பிரதேச செயலகம்) ஒரு உத்தியோகத்தர் சொன்னார், பதிஞ்சா உதவி எடுக்கலாம் எண்டு. எங்களுக்குள்ள ரெண்டு கருத்து இருக்கு. ஒரு பகுதி சொல்லுது பதிவோம், எங்கட வரிக் காசுதானே, கேக்கிறது உரிமை எண்டு. மத்தப் பகுதி சொல்லுது பதிஞ்சா அரசியல் உள்ளுக்க வந்திடும், பிறகு கூட்டத்துக்கு ஆள் சேக்கிற சங்கமா ஆகிடும் எண்டு. அந்தப் பயம் சும்மா இல்ல, ஏனெண்டா போன எலெக்சன் நேரம் ஒரு ஆள் வந்து கதிரையும் ரீசேட்டும் தாறன், ரீசேட்டுல தன்ட படம் இருக்கோணும் எண்டு கேட்டவர். நாங்க வேணாம் எண்டு அனுப்பிட்டம், ஆனா அண்டைக்கே குறூப்புல சண்டை.

எந்தப் பதிவு எங்களுக்குப் பொருத்தம், உண்மையா என்ன கிடைக்கும், கிடைச்சா எங்கட போக்குல செய்யலாமா? அனுபவப்பட்ட ஆக்கள் விளக்கமா சொல்லுங்க.

வாவிக்கரை அண்ணர்:

தம்பி, நான் கனகாலம் டி.எஸ். ஒபிஸ்ல திட்டமிடல் பகுதியில இருந்து பென்சன் எடுத்த ஆள், அதால எனக்குத் தெரிஞ்சதச் சொல்றன், கொஞ்சம் நீளும், பொறுத்துக் கொள்ளுங்க.

முதல்ல ஒண்ட விளங்கிக் கொள்ளுங்க. தொண்டு செய்யிற ஆளுக்கு மாதாமாதம் செலவுக் காசு குடுக்கிற தலைப்பு நான் இருந்த காலத்துல இருக்கல்ல. காசு வேலைக்கு வரும், இல்லாட்டி சாமானா வரும். போக்கு கட்டுறது, உள்வீதி கொங்கிரீட் போடுறது, முன்பள்ளிக்கு வேலி அடைக்கிறது, சங்கத்துக்கு கதிரை, ஸ்பீக்கர் செட், விளையாட்டுச் சாமான், இப்படித்தான். நீங்க செய்யிற வேலைகள்ல மருந்து எடுத்துக் குடுக்கிறதுக்கோ படிப்பிக்கிறதுக்கோ அவங்கட போம்ல கட்டம் இல்ல. அது அந்த வேலைட குறை இல்ல, போம்ட குறைதான், ஆனா தெரிஞ்சு கொண்டு போறது நல்லம்.

பதிவு மூணு விதமா செய்யலாம். உங்கட வயசுக்கு லேசானது இளைஞர் கழகம். தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979ம் ஆண்டு 69ம் இலக்கச் சட்டத்தால வந்தது, ஒவ்வொரு டி.எஸ். ஒபிஸ்லயும் அதுக்கு ஒரு இளைஞர் சேவை உத்தியோகத்தர் இருப்பார், அவரைக் கண்டு பொதுக்கூட்டம் வைச்சு நிர்வாகம் தெரிஞ்சா சரி. பெரிய காசு இதுல எதிர்பாக்க வேணாம், பயிற்சி, விளையாட்டு, சின்ன திட்டங்கள் வரும். கிராமத்துக் கழகத்துக்கு மேல பிரதேச சம்மேளனம், அதுக்கு மேல மாவட்டம் எண்டு ஒரு அடுக்கு இருக்கிறதால உங்கட குரல் போய்ச் சேர ஒரு வழி இருக்கும்.

அடுத்தது கிராம அபிவிருத்திச் சங்கம், ஆர்.டி.எஸ். எண்டு சொல்றது. இது மாகாணத்து கிராம அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழ வரும், பெண்களுக்கு மாதர் சங்கம் தனியா இருக்கு. சின்னச் சின்ன கட்டுமான வேலைகள கொந்துராத்துக்காரரிட்டக் குடுக்காம நேரா ஊர்ச் சங்கத்துக்கே ஒப்பந்தமா குடுக்கிற ஏற்பாடு இருக்கு, அதுக்கு இந்தப் பதிவு உதவும். ஆனா உங்கட ஊருல ஒரு ஆர்.டி.எஸ். ஏற்கனவே இருக்கும், நித்திரையா இருந்தாலும் பதிவுல இருக்கும். புதுசா ஒண்டு தொடங்கப் போய் சண்டை பிடிக்காதீங்க. ஜி.எஸ். (கிராம சேவகர்) கிட்டக் கேட்டுப் பாருங்க, அங்கத்தவரா சேந்து வருசாந்தக் கூட்டத்துல நல்ல ஆக்களத் தெரிவு செய்யுங்க. பழைய தலைவர் மரியாதையான மனுசனா இருந்தா அவரை ஆலோசகரா வைச்சுக் கொண்டா ஊரும் உடையாது.

மூணாவது 1980ம் ஆண்டு 31ம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ சமூக சேவை தொண்டர் நிறுவனமா பதியிறது. ஏழைகள், மாற்றுத்திறனாளிகள், அநாதைப் புள்ளைகள், அனர்த்தத்துல பாதிக்கப்பட்ட ஆக்களுக்கு உதவுற அமைப்புகளுக்கான சட்டம் அது. வெளிநாட்டுக் காசு, வேற நிறுவனங்கள்ட நன்கொடை எடுக்கிற யோசனை இருந்தா இது வேணும். யாப்பு, வருசக் கணக்கறிக்கை எல்லாம் ஒழுங்கா குடுக்கோணும், அதால கணக்கு எழுத ஒரு பொறுப்பான ஆள் இல்லாட்டி இப்போதைக்கு இதுக்குள்ள போகாதீங்க.

காசு எங்க இருந்து வருது எண்டா, எம்.பி.மார் சிபாரிசு செய்யிற பன்முகப்படுத்தப்பட்ட நிதி, அது 1974ல தொடங்கின முறை, பிறகு மாகாணத்துக்கு வாற அபிவிருத்தி நன்கொடை, பிரதேச சபைட சொந்த வருமானம், அமைச்சுகள்ட விசேச திட்டங்கள். 2025ல பிரஜாசக்தி எண்ட வறுமை ஒழிப்புத் திட்டம் தொடங்கினதுல இருந்து ஜி.எஸ். பிரிவு மட்டத்துல குழு அமைச்சு கிராமத்துட தேவைய அதுக்குள்ளால கேக்கிறாங்க. அந்தக் குழுவுல உங்கட ஆள் ஒராள் இருக்கிறாரா எண்டு பாருங்க. கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பர்ல கலைஞ்ச பிறகு எலெக்சன் வைக்கல்ல, அதால மாகாணக் காசுக்கு உறுப்பினர் ஒராளப் பிடிக்கிற கதை இல்ல, உத்தியோகத்தரிட்டத்தான் போகோணும். அதுல உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கு, ரீசேட்டுல படம் கேக்க மாட்டாங்க.

இப்ப முக்கியமான விசயம். அரசாங்கத்துட நிதி வருசம் சனவரி 1ல தொடங்கி டிசம்பர் 31ல முடியுது. அதுக்குள்ள செலவழிக்காட்டி காசு திறைசேரிக்குத் திரும்பிடும். வருசத் தொடக்கத்துல ஒதுக்கீடு, பிறகு சுற்றுநிருபம், பிறகு கிராமத்துல இருந்து திட்டம் எடுக்கிறது, ஒருங்கிணைப்புக் குழுல அனுமதி, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து எஸ்டிமேட் போடுறது எண்டு இழுபட்டு, வேலை கையில வரக்குள்ள செப்டம்பர் ஒக்டோபர் ஆகிடும். மத்த மாவட்டங்களுக்கு அது எப்படியோ தெரியா, எங்களுக்கு ஒக்டோபர் கடைசில மழை துவங்கினா தை வரைக்கும் நிலம் காயாது. ஒதுக்கின காசு திரும்பிடக் கூடாது எண்டு மழைக்குள்ள கிறவல் பறிச்சு, அடுத்த மாசமே அது வாவிக்குள்ள போனத நான் என்ட கண்ணால கண்ட ஆள். சிறுபோக வெட்டு முடிஞ்சு வட்டை (வயல்வெளி) காய்ஞ்சு கிடக்கிற ஆகஸ்ட் மாசம்தான் எங்கட பகுதில மண் வேலைக்கு நல்ல நேரம், பொடியனுகளும் அப்பதான் ஓய்வா இருப்பாங்க. அந்த நேரம் காசு வராது. இத நான் சேவையில இருக்கக்குள்ளயும் கூட்டங்கள்ல சொன்னன், இப்பயும் சொல்றன், கிழக்குக்கு எண்டு முதல் ஆறு மாசத்துக்குள்ள வேலை முடிக்கிற மாதிரி காச விடாட்டி இந்த வீண்செலவு நிக்காது.

அதால நீங்க செய்ய வேண்டியது, அடுத்த வருசத்துக்கான கோரிக்கைய இந்த வருசம் ஆகஸ்டுக்குள்ள எழுத்துல குடுத்து, திகதி முத்திரை அடிச்ச பிரதி ஒண்டு எடுத்து வைங்க. எஸ்டிமேட் தேவைப்படாத சாமானாக் கேளுங்க. மண்வெட்டி, வீல்பரோ, வெள்ளைப் பலகை, லைப் ஜெக்கட். அது கெதியா வரும்.

தம்பிலுவில் அக்கா:

அண்ணர் சொன்னதுல ஒப்பந்த வேலைட உள்பக்கத்த நான் சொல்றன். நாங்க மாதர் சங்கம், திருக்கோவில் பிரதேசம். ஊர்ச் சங்கத்துக்கு வேலை குடுக்கிறது நல்ல நோக்கம்தான், லாபம் ஊருக்குள்ளயே நிக்கும், வேலையும் நம்மட வேலை எண்டு ஒழுங்கா நடக்கும். ஆனா காசு பின்னாலதான் வரும். வேலைய முடிச்சு, அளந்து, பில் போட்டு, கையெழுத்து எல்லாம் ஆகி, பிடிகாசு (வேலை பழுதாகாட்டி பிறகு தாற பங்கு) கழிச்சுத்தான் செக் வரும். கையில முதல் இல்லாத சங்கம் சீமெந்தும் கம்பியும் எங்கால வாங்குற? ஹார்ட்வெயார் கடைல கடன் குடுப்பாங்க, ஆனா கடன் விலை வேற. மேசனுக்கு பின்னேரம் கூலி குடுக்கோணும், அவருக்கு பில் வரும் வரைக்கும் பொறு எண்டு சொல்ல ஏலாது.

இஞ்சதான் கொந்துராத்துக்காரர் உள்ளுக்க வாறது. "அக்கா நீங்க கையெழுத்த மட்டும் வைங்க, முதல் நான் போடுறன், சங்கத்துக்கு ஒரு வீதம் தாறன்" எண்டு வருவாங்க. கனக்கச் சங்கங்கள் அப்படித்தான் பேர வாடகைக்கு விட்டு வைச்சிருக்கு. கடதாசில பாத்தா ஊர் சனம் செய்த வேலை, உண்மையில ஊருல ஒராள் கூட மண்வெட்டி பிடிக்கல்ல. அந்த வீதி வெடிச்சா ஊர் ஆரைக் கேக்கும்? கையெழுத்து வைச்ச தலைவியத்தான் கேக்கும்.

எங்களுக்கும் அப்படி ஒராள் வந்தவர், நாங்க சம்மதிக்கல்ல. ஒரு சின்ன வேலை மட்டும் எடுத்து, சங்கத்து சுழற்சிக் கடன் காசுல இருந்து முதல் போட்டுச் செய்தம். வேலை நல்லா முடிஞ்சு. பில் காசு வர மாசக்கணக்குல இழுபட்டு, அந்த நேரம் கோழி வளக்க, தையல் மிசின் வாங்க கடன் கேட்ட எங்கட பொம்புளைகளுக்கு நாங்க இல்ல எண்டு சொல்ல வேண்டி வந்தது. ஒரு திணைக்களம் தாமதிச்சதுக்கு விலை குடுத்தது ஆரெண்டா, கடன் கேட்டு நிண்ட விதவைத் தாய்மார்தான். அது எனக்கு இப்பயும் மனசுல ஆறல்ல. ஏழைட காச முதலாப் போட்டு அரசாங்கத்துட வேலைய முடிக்கிறது எந்த விதத்துல ஆதரவு எண்டு நான் கேக்கிறன். முற்பணம் ஒண்டு வேலை துவங்க முதல் சங்கத்துட கணக்குக்கு வந்தா இந்த வாடகைக் கதை அரைவாசி நிண்டு போகும்.

ஆனா அரசாங்கமும் சனமும் பங்கு பிரிச்சு நல்லா செய்யிற ஒண்டும் எங்கட பக்கம் இருக்கு. கதிர்காமப் பாதயாத்திரைக் காலம் வந்து பாருங்க. வடக்குல இருந்து, மூதூர்ல இருந்து எல்லாம் நடந்து வாற ஆக்கள் எங்கட ஊரக் கடந்துதான் பொத்துவில், உகந்தை எண்டு போய் காட்டுக்குள்ள இறங்குறது. அவங்களுக்குச் சோறும் கஞ்சியும் மோரும் குடுக்கிறது ஊர்ச் சனம். அதுக்கு ஒரு சதம் அரசாங்கத்துட்டக் கேக்கிறதில்ல, கேக்கவும் மாட்டம், அது எங்கட நேத்தி. ஆனா காட்டுப் பாதைக்குத் தண்ணி பௌசர், மருத்துவக் குழு, பாதுகாப்பு, காடு திறக்கிற திகதி, இதெல்லாம் கச்சேரில (மாவட்ட செயலகம்) கூட்டம் வைச்சு அரசாங்கம் பாக்குது. சனத்தால செய்ய ஏலாதத அரசாங்கம் செய்யுது, சனம் செய்யிறதுக்குள்ள கை வைக்கிறதில்ல. தம்பி, உங்கட ஊருக்கும் இப்படிப் பிரிச்சு எழுதிக் கொண்டு போய்க் கேளுங்க.

சம்மாந்துறைக் காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் வெள்ளத்தப் பத்தி மட்டும் பேசுறன் தம்பி, மத்தது எனக்குத் தெரியா.

2024 நவம்பர்ல மாவடிப்பள்ளி ரோட்டுல மதரசாப் புள்ளைகள் வந்த மிசின் தண்ணில பிரண்டது எல்லாருக்கும் தெரியும். அந்த நாள இஞ்ச ஒருத்தரும் மறக்க மாட்டாங்க. நம்மட பகுதில தண்ணி வந்தா முதல்ல இறங்குறது பக்கத்து ஊட்டுப் பொடியன்தான், படை வாறது மறுகாதான், அது அவங்கட பிழை இல்ல, தூரம் அப்பிடி. அப்ப முதல்ல இறங்குறவனுட கையில என்ன இரிக்கி? ஒரு கயிறு கூட ஒழுங்கானது இல்ல. லைப் ஜெக்கட் இல்ல, டோர்ச் இல்ல, போட்டுக்கு எண்ணெய் இல்ல. அவனுக்கு ஏதும் ஆனா அவன்ட பொண்டாட்டி புள்ளைக்கு என்ன?

2005ம் ஆண்டு 13ம் இலக்கச் சட்டம் சுனாமிக்குப் பொறகு வந்தது, அதுலதான் அனர்த்த முகாமைத்துவ நிலையமே உண்டானது, 117க்கு கோல் எடுத்தா பேசுவாங்க. கிராமத்துக் குழுக்களும் அமைச்சிரிக்கி, ஆனா நான் கண்ட குழுக்கள் கனக்க பேர் லிஸ்டாத்தான் கிடக்கு. பேர் லிஸ்ட் தண்ணில மிதக்காது. எனக்கு அரசாங்கத்துட்ட சல்லி வாணாம், எங்கட பொடியன்மாருக்கும் வாணாம், உசிரக் காப்பாத்துறதுக்குக் கூலி எடுக்கிற பழக்கம் எங்கள்ட்ட இல்ல, அல்லாஹ்ட பொருத்தத்துக்குத்தான் செய்றம். ஆனா சாமான் தாங்க. ஒவ்வொரு ஜி.எஸ். பிரிவுலயும் ஒரு பெட்டி, அதுக்குள்ள ஜெக்கட், கயிறு, டோர்ச், முதலுதவிச் சாமான், சாவி பள்ளிவாசல்லயோ கோயில்லயோ இரிக்கட்டும். அதையும் செப்டம்பர்ல தாங்க, தண்ணி வடிஞ்ச பொறகு போட்டோ புடிச்சிக் குடுக்க வாணாம். மழைக்கு முந்தி ஒரு நாள் குளத்துல இறக்கி நீச்சலும் கயிறு கட்டுறதும் பழக்குங்க. இறங்குற பொடியனுக்கு ஒரு காப்புறுதி போட்டு வைங்க. இதான் நான் கேக்கிற உதவி. தொண்டர் தினம் எண்டு டிசம்பர் 5ல மேடை போடுற செலவுக்கே ரெண்டு மூணு ஊருக்கு இந்தப் பெட்டிய நிரப்பலாம்.

அந்த ரீசேட்டக் கொண்டு வந்த ஆளத் திருப்பி அனுப்பினது மெச்ச வேண்டிய வேலை தம்பி.

ஆரையம்பதி – லண்டன்:

நான் இஞ்ச ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சனிக்கிழமைல தொண்டா படிப்பிக்கிறன், எங்கட பள்ளிக்கூடத்துக்கு லொத்தர் நிதியத்துல இருந்து காசு எடுத்திருக்கிறம், அதால ஒப்பிட்டுப் பாக்க ரெண்டு வரி எழுதுறன்.

இங்க நாடு முழுக்க விக்கிற நேசனல் லொத்தரிட வருமானத்துல ஒரு பங்கு சமூக வேலைகளுக்குப் போகும். சின்ன அமைப்புகளுக்கு 300 பவுண்ல இருந்து 20,000 பவுண் வரைக்கும் ஒரு திட்டம் இருக்கு. கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்ல, ஒரு யாப்பு, ஒரு பேங்க் கணக்கு, அந்தக் கணக்குல கையெழுத்து வைக்கிற ரெண்டு பேர் ஒரே குடும்பமா இருக்கக் கூடாது, போன வருசக் கணக்கு. அனுமதி கிடைச்சா வேலைக்கு முதலே காசு கணக்குக்கு வந்திடும். செய்து முடிச்ச வேலைக்குப் பிறகு காசு கேட்டா தரவே மாட்டாங்க, அக்கா சொன்னதுக்கு நேர் எதிர். அதுக்குள்ள தொண்டர்கள்ட பஸ் காசு, சாப்பாட்டுச் செலவையும் போடலாம், அது சம்பளமா பாக்கப்படாது. பிள்ளைகளோட வேலை செய்யிற ஆக்களுக்கு பொலிஸ் பதிவு பாக்கிற சேட்டிபிக்கட் ஒண்டு கட்டாயம், வேலைக்குப் போற ஆள் எண்டா காசு கட்டோணும், தொண்டருக்கு இலவசம். இந்தச் சின்ன விசயத்துலதான் அரசாங்கம் தொண்டர மதிக்குது எண்டு எனக்குப் படும்.

இங்கயும் எல்லாம் பாலும் தேனும் இல்ல. போம் நிரப்பத் தெரிஞ்ச பெரிய அமைப்புகள் முன்னுக்கு நிக்கும், இங்கிலீசு தடுமாறுற எங்கட ஆக்கள் பின்னுக்குப் போவாங்க. 2026ஐ ஐ.நா. சர்வதேசத் தொண்டர் ஆண்டா அறிவிச்சிருக்கு, உங்கட கோரிக்கைக் கடிதத்துல அதையும் ஒரு வரி போடுங்க, உத்தியோகத்தருக்கும் மேல எழுத ஒரு காரணம் கிடைக்கும்.

வெல்லாவெளி டீச்சர்:

எல்லாரும் காசையும் சாமானையும் கதைச்சிட்டீங்க, நான் அந்தப் பின்னேர வகுப்பப் பத்திக் கதைக்கிறன்.

நான் தொண்டர் ஆசிரியரா இருந்த ஆள். கிழக்குல இந்தப் பேரோட எத்தின பேர் வயசு போக்கினாங்க எண்டு இஞ்ச இருக்கிற கனபேருக்குத் தெரியும். யுத்த காலத்துல டவுன்ல இருந்து டீச்சர்மார் வர ஏலாத பள்ளிக்கூடங்கள ஏ.எல். முடிச்ச ஊர்ப் புள்ளைகள்தான் தாங்கினது. தோணிலயும் சைக்கிள்லயும் போய், சம்பளம் இல்லாம, நாளைக்கு நியமனம் வரும் நாளைக்கு நியமனம் வரும் எண்டு. நியமனம் கிடைச்ச ஆக்களும் இருக்காங்க, நேர்முகப் பரீட்சைக்கு மேல நேர்முகப் பரீட்சை போய், ஆளுநர் ஒபிசுக்கு முன்னால வெயிலுக்க நிண்டு, வயசு தாண்டி வீட்டோட இருந்த ஆக்களும் இருக்காங்க. அவங்களுக்கு கலியாணம் தள்ளிப் போச்சு, வேற தொழில் பழகுற வயசும் போச்சு. அது தொண்டு இல்ல, அரசாங்கம் ஆள் போடாத இடத்த இளம் புள்ளைகள்ட ஆயுசால நிரப்பினது.

இதச் சொல்றது உங்கள நிப்பாட்ட இல்ல தம்பி. நீங்க பின்னேரம் படிப்பிக்கிறது பெரிய புண்ணியம், எங்கட படுவான்கரைப் புள்ளைகளுக்கு ரியூசனுக்கு டவுனுக்குப் போக வசதி இல்ல, அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா உங்கட வகுப்பு நல்லா நடக்கிறதக் காட்டி, "அங்க பொடியன்மார் படிப்பிக்கிறாங்கதானே" எண்டு பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய கணக்கு டீச்சர மேல ஆரும் வேற இடத்துக்கு மாத்தினா அது உங்கட ஊருக்கு நட்டம். ஒரு பக்கம் படிப்பியுங்க, மத்தப் பக்கம் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்குள்ளால வலயக் கல்வி ஒபிசுக்கு வெற்றிடத்தக் காட்டி எழுதிக் கொண்டே இருங்க. ஆரும் உங்கட பொடியனிட்ட "பள்ளி நேரத்துல வந்து எடுங்க, பிறகு பாப்பம்" எண்டு சொன்னா, எழுத்துல காலமும் குடுப்பனவும் இல்லாம போகவே வேணாம். ஏ.எல். முடிச்ச புள்ளைட ரெண்டு வருசம் எண்டா அது ரெண்டு வருசம்தான், திரும்பி வராது.

படுவான்கரைப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமா ஆரும் எங்களுக்குச் சொன்னதில்ல. டீச்சர் எழுதினத குறூப்புல போட்டன், எங்களோட படிப்பிக்கிற ஒரு தங்கச்சிய பள்ளிக்கூடத்துக்கு "வந்து பழகுங்க" எண்டு ஏற்கனவே கேட்டிருக்காங்க எண்டு அப்பதான் தெரிஞ்சது. அவ யுனிவர்சிட்டிக்கு ரெண்டாந்தரம் எழுதப் போறவ. வீட்டுல கதைச்சு அவ வேணாம் எண்டு சொல்லிட்டா.

எங்களுக்கு இப்ப வந்த முடிவு, இளைஞர் கழகமாப் பதியிறது, ஆர்.டி.எஸ்.சுல அங்கத்தவரா சேருறது, ஒப்பந்த வேலை இப்போதைக்கு எடுக்கிறதில்ல. சாமான் மட்டும் கேப்பம். மருந்து வேலையும் வகுப்பும் எங்கட சொந்தக் காசுலயும் வெளிநாட்டுப் பொடியன்மார்ட உதவிலயும் நடக்கட்டும், அதுக்கு ஒருத்தரும் உரிமை கேக்க ஏலாது. இதுக்கு ரெண்டு பக்கமும் சம்மதம்.

அண்ணர், ரெண்டு கேள்வி. சிரமதானம் செய்தா அத "மக்கள் பங்களிப்பு" எண்டு எஸ்டிமேட்ல கழிக்கிறாங்களாமே, அது சரியா? மத்தது, அரசியல் ஆக்கள் தாற சாமான எடுக்கிறதா விடுறதா, பன்முக நிதி எண்டா அதுவும் அவங்கட கையாலதானே வருது?

வாவிக்கரை அண்ணர்:

தம்பி, முதல் கேள்வி. ஓம், சில திட்டங்கள்ல சனத்துட உழைப்ப ஒரு பங்கா கணக்குப் பாப்பாங்க. அதுல பிழை இல்ல, ஆனா எஸ்டிமேட் போடக்குள்ளயே அது எவ்வளவு எண்டு எழுத்துல கேளுங்க, வேலை நடுவுல கழிக்க விடாதீங்க. வாற ஆக்கள்ட பேரையும் நேரத்தையும் ஒரு கொப்பில எழுதிக் கையெழுத்து வாங்குங்க. 1958ல ஆரியரத்ன ஆசிரியர் நாளந்தாக் கல்லூரிப் புள்ளைகளக் கூட்டிக் கொண்டு கனத்தொலுவைக் கிராமத்துக்குப் போய்த் தொடங்கினதுதான் சர்வோதயம் எண்ட சிரமதான இயக்கம், அது அந்த ஊர்ச் சனத்தோட சேந்து செய்த வேலை, அவங்களுக்குக் கிடைச்ச மதிப்பு பில்லால வந்ததில்ல. ஆனா இப்ப உங்கட உழைப்ப ஒரு தொகையா மாத்தி எஸ்டிமேட்ல கழிக்கிறாங்க எண்டா அது காசு, அதுக்குக் கணக்கு இருக்கோணும்.

ரெண்டாவது கேள்வி. பன்முக நிதி அரசாங்கக் காசு, எம்.பி. சிபாரிசு மட்டும்தான், சாமான் டி.எஸ். ஒபிஸ்ட பதிவேட்டுல ஏறி, செயலாளர் கையெழுத்து வைச்சு, சங்கத்துப் பேருலதான் வரோணும். அப்படி வந்தா எடுங்க, ஆர் சிபாரிசு செய்தாலும் பரவாயில்ல, நன்றியும் சொல்லுங்க, அது மரியாதை. பதிவேடு இல்லாம லொறில வந்து இறங்குற சாமான எடுக்காதீங்க. இந்த விதிய யாப்புலயே ஒரு வரியாப் போட்டா பிறகு ஆளுக்காள் சண்டை வராது. நிர்வாகத்துல இருக்கிற ஆள் எலெக்சன் கேக்கிறதெண்டா பதவிய விட்டுட்டுப் போகோணும் எண்டும் ஒரு வரி போடுங்க.

தம்பிலுவில் அக்கா:

யாப்பு எழுதக்குள்ள பொருளாளரா ஒரு பொம்புளப் புள்ளையப் போடுங்க தம்பி, சும்மா பேருக்கு இல்ல, செக் கையெழுத்துல அவ இருக்கோணும். எங்கட யாப்பு ஒரு பிரதி உங்களுக்கு உள்பெட்டில அனுப்புறன், ஊர்ப் பேர மாத்தி, தேவையில்லாதத வெட்டி எடுங்க.

படுவான்கரைப் பொடியன்:

அனுப்புங்க அக்கா, பெரிய உதவி. ஞாயிறு பின்னேரம் பொதுக்கூட்டம், ஜி.எஸ்.க்கும் இளைஞர் சேவை உத்தியோகத்தருக்கும் அறிவிச்சிட்டம். சம்மாந்துறைக் காக்கா, அந்தப் பெட்டிக்குள்ள என்னென்ன, எவ்வளவு நீளக் கயிறு எண்டு ஒரு லிஸ்ட் போட்டீங்கெண்டா அதையே கோரிக்கைக் கடிதத்தோட இணைப்பம், எங்கட கோயில் நிர்வாகம் சாவி வைக்கச் சம்மதிச்சிட்டு.

சம்மாந்துறைக் காக்கா:

இண்டைக்கு இஷாத் தொழுகைக்குப் பொறகு போடுறன் தம்பி. கயிறு நைலோன் கேளுங்க, தும்புக் கயிறு வாணாம். ஜெக்கட்டுல சின்னப் புள்ளைட அளவும் எழுதுங்க, எல்லாரும் அத மறந்து பெரிய ஆக்கள்ட அளவுதான் வாங்குவாங்க.